இத்தாலிய யூதக் குடும்பங்கள் ஏன் முன்பே வெளியேறவில்லை?

முசோலினி 1922-இலேயே ஆட்சிக்கு வந்துவிட்ட நிலையில், 1943 வரை இத்தாலிய யூதர்கள் ஏன் அங்கேயே தங்கியிருந்தார்கள், வரப்போகும் ஆபத்து அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. பாசிச அரசு எப்போது, எந்தெந்தப் படிகளில் யூதர்களுக்கு எதிராகத் திரும்பியது என்பது முதலாவது. அரசாணைகளும் சட்டங்களும் நமக்குக் கிடைப்பதால் இதற்குத் திட்டவட்டமாகவே விடை சொல்லலாம். அந்தப் படிகள் ஒவ்வொன்றையும் ஒரு சாதாரணக் குடும்பம், அதாவது ஒரு துணிக்கடைக்காரரின் வீடோ ஒரு பள்ளி ஆசிரியையின் வீடோ, எப்படிப் புரிந்துகொண்டது என்பது இரண்டாவது. இங்கே நமக்குத் துணையாக இருப்பவை கடிதங்களும் நாட்குறிப்புகளும் பிற்கால நினைவுகளும்தான். அவற்றுள் பெரும்பகுதி படித்த நடுத்தர வர்க்கத்தினர் எழுதியது. உயிர் பிழைத்தவர்கள் எழுதியது. ரோமின் ஏழைத் தெருவியாபாரிகள் எழுதிவைத்தது மிகக் குறைவு. இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வரலாற்றைப் பல ஆண்டுகள் கல்லூரியில் கற்பித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இத்தாலியக் காப்பகங்களில் நேரில் அமர்ந்து ஆய்ந்தவன் அல்லன். அச்சில் வந்த ஆவணங்களையும் பிற வரலாற்றாசிரியர்களின் உழைப்பையும் நம்பியே பேசுகிறேன்.

முதலில் 1938-க்கு முந்தைய நிலையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இத்தாலியில் யூதர்கள் ஏறக்குறைய 47,000 பேர்தான். மக்கள்தொகையில் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவு. வடமேற்கிலுள்ள பீட்மாண்ட் பகுதியில் 1848-இலும், ரோமில் போப்பாண்டவரின் ஆட்சி முடிவுக்கு வந்த 1870-இலும் அவர்கள் முழுக் குடியுரிமை பெற்றார்கள். ரோமில் 1555 முதல் மதிலுக்குள் அடைக்கப்பட்டு வாழ்ந்த ஒரு சமூகத்தின் கதவைத் திறந்துவிட்டது ஒன்றுபட்ட இத்தாலிய அரசுதான் என்பதை அந்தக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தன. அதன்பின் நாற்பதே ஆண்டுகளில் லூயிஜி லுட்ஸாட்டி என்ற யூதர் நாட்டின் பிரதமரானார். எர்னெஸ்டோ நாத்தான் ரோம் நகரின் மேயரானார். முதல் உலகப் போரில் பல ஆயிரம் யூதர்கள் இத்தாலியச் சீருடையில் போரிட்டார்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூத வெறுப்பையே கொடியாகப் பிடித்த கட்சிகள் இருந்த காலத்தில் இத்தாலியில் அப்படி ஒரு கட்சி வேரூன்றவில்லை. என் கணிப்பில் உங்கள் கேள்விக்கான விடையின் பாதி இங்கேயே இருக்கிறது. அரசு என்பது இவர்களுக்கு அச்சுறுத்தும் சக்தியாக இருக்கவில்லை. பாட்டன் காலத்தில் தங்களை விடுவித்த சக்தியாக இருந்தது. சிறுபான்மையினர் அரசை அஞ்சுவது வழக்கம், இவர்களோ அதை நன்றியோடு பார்த்தார்கள்.

பாசிசம் வந்தபோதும் அந்த நன்றி உடனே குலையவில்லை. 1919 மார்ச்சில் மிலானில் முசோலினி தம் இயக்கத்தைத் தொடங்கிய கூட்டத்திலேயே சில யூதர்கள் இருந்தார்கள். அவருக்கு நெருக்கமாக இருந்து, அவர் வாழ்க்கை வரலாற்றையும் எழுதிய மார்கெரிட்டா சார்ஃபாட்டி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1932 முதல் 1935 வரை நிதி அமைச்சராக இருந்த குயிதோ யூங் யூதர். 1938 வரை சுமார் 10,000 யூதர்கள் பாசிசக் கட்சியின் உறுப்பினராக இருந்ததாகக் கணக்கிடப்படுகிறது. இந்த எண்ணைக் கேட்பவர்கள் சட்டென்று முகம் சுளிப்பார்கள். ஆனால் அரசு வேலைக்கும் ஆசிரியர் பதவிக்கும் கட்சி அட்டை இல்லாமல் தீராது என்ற நிலை வந்திருந்ததையும், மற்ற இத்தாலியர்களும் அதே அளவில் அதே காரணங்களுக்காகச் சேர்ந்ததையும் கருத்தில் கொள்ள வேண்டும். பாசிசத்தை முதலிலிருந்தே எதிர்த்த யூதர்களும் ஏராளம். 1934-இல் டூரினில் பாசிச எதிர்ப்புக் குழு ஒன்று பிடிபட்டு, அதில் பலர் யூதர்கள் என்று பத்திரிகைகள் கூச்சலிட்டபோது, அதே ஊரைச் சேர்ந்த வங்கியாளர் எத்தோரே ஒவாட்ஸா தம் இனத்தாரின் தேசபக்தியை நிரூபிப்பதற்கென்றே பாசிச ஆதரவுப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். ஒரே ஊரில், ஒரே தொழுகைக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் சிறையிலும் கட்சி மேடையிலும் இருந்தார்கள். எனவே ‘யூதர்கள் பாசிசத்தை ஆதரித்தார்கள்’ என்றோ ‘எதிர்த்தார்கள்’ என்றோ ஒரே வரியில் எழுதும் எவரையும் நான் நம்புவதில்லை.

எச்சரிக்கை அறிகுறிகளே இருக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. எத்தியோப்பியாவைப் பிடித்தபின், 1937-இல், இத்தாலியர்கள் அங்குள்ள பெண்களோடு மனைவி போல் கூடி வாழ்வதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டம் வந்தது. இரத்தத்தைக் காரணம் காட்டி மனிதரைப் பிரிக்கும் சட்டமொழி ஆப்பிரிக்காவில் முதலில் பழகிய பிறகே இத்தாலிக்குள் வந்தது. அதே ஆண்டு யூதர்களின் விசுவாசத்தைக் கேள்வி கேட்கும் நூல்களும் கட்டுரைகளும் வரிசையாக வெளியாயின. ஆனால் 1938 பிப்ரவரியில் அரசே ஓர் அதிகாரபூர்வ அறிக்கை விடுத்து, யூதர்கள் என்பதற்காக அவர்கள்மீது நடவடிக்கை எடுக்கும் எண்ணம் ஒருபோதும் இருந்ததில்லை, இப்போதும் இல்லை என்று மறுத்தது. ஒரு குடும்பத் தலைவர் அந்தச் செய்தியைப் படித்து நிம்மதியாகத் தூங்கியிருந்தால் அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஐந்து மாதம் கழித்து, ஜூலை நடுவில், இத்தாலியர்கள் ஆரியர்கள், யூதர்கள் அந்த இனத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்று அறிவிக்கும் இன அறிக்கை நாளிதழில் வெளியானது.

அதன்பின் நடந்தவை மூச்சுவிட நேரமில்லாத வேகத்தில் நடந்தன. 1938 ஆகஸ்ட் 22-ஆம் நாளைக் கணக்காக வைத்து யூதர்களுக்கென்று தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. அதில் மதம் மட்டும் கேட்கப்படவில்லை. தாய் தந்தையரில் ஒருவராவது யூதராக இருந்தவர் அனைவரும் எண்ணப்பட்டார்கள். மொத்தம் சுமார் 58,000 பேர். நான் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போது இந்த இடத்தில் வழக்கமாக நிறுத்திவிடுவேன். இந்தப் படிவத்தை மக்கள் ஒளித்துவைக்கவில்லை, பொய் எழுதவில்லை. தங்கள் நகராட்சி கேட்டது என்று ஒழுங்காக நிரப்பிக் கொடுத்தார்கள். ஏற்கெனவே 1930-இல் வந்த ஒரு சட்டத்தின்படி ஒவ்வொரு யூதரும் தம் ஊர் யூத சமூகத்தின் பதிவேட்டில் கட்டாயம் இடம்பெற்றிருந்தார். அந்தச் சட்டத்தை அப்போது சமூகத் தலைவர்கள் வரவேற்கவும் செய்தார்கள், ஏனென்றால் அது அவர்களின் அமைப்புக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. ஆகவே யார், எங்கே, எந்தத் தெருவில் என்பது இரண்டு வழிகளில் அரசின் கைக்குள் வந்துவிட்டது. இதன் முழு விளைவு ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் வெளிப்பட்டது.

செப்டம்பர் தொடக்கத்தில் வந்த ஆணை யூத ஆசிரியர்களையும் மாணவர்களையும் பள்ளிகளிலிருந்து வெளியேற்றியது. சாதாரணக் குடும்பங்களின் நினைவில் மிக ஆழமாகத் தைத்தது இதுதான் என்று ஏறக்குறைய எல்லா நினைவுக் குறிப்புகளும் சொல்கின்றன. சொத்துச் சட்டமோ வேலைச் சட்டமோ இந்த அளவுக்குத் தைக்கவில்லை. கோடை விடுமுறை முடிந்து புதிய புத்தகங்களுக்குக் காத்திருந்த பிள்ளையிடம், நீ மட்டும் இந்த ஆண்டு போக முடியாது என்று அம்மா சொல்ல வேண்டியிருந்தது. ஏன் என்று பிள்ளை கேட்டால் சொல்வதற்குப் பல வீடுகளில் பதிலே இல்லை. மதச் சடங்குகளை ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் கடைப்பிடித்த வீடுகள் அவை. நாம் யூதர் என்பதே அந்தப் பிள்ளைக்குப் பெரிய செய்தியாக இருக்கவில்லை. சில நகரங்களில் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலேயே யூதப் பிள்ளைகளுக்கு மட்டும் தனி வகுப்பு, மற்றவர்கள் வீடு திரும்பிய பிறகு பிற்பகலில் நடந்தது. உயர்நிலைக்கு யூத சமூகங்களே சில வாரங்களில் பள்ளிகளைத் தொடங்கின. பல்கலைக்கழகங்களிலிருந்து விரட்டப்பட்ட சிறந்த அறிஞர்கள் அங்கே பதின்பருவத்தினருக்குப் பாடம் எடுத்தார்கள். அந்தப் பள்ளிகளில் பயின்றவர்கள் பலர், தங்கள் வாழ்வின் மிகச் சிறந்த கல்வி அங்கேதான் கிடைத்தது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார்கள். அதை நம்புகிறேன், ஆனால் வேலையிழந்த தந்தையும் வெளியே போகத் தயங்கிய தாயும் இருந்த வீட்டுக்குத்தான் அந்தப் பிள்ளைகள் மாலையில் திரும்பினார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்கிறேன். டூரினில் உதவியாளர் பணியிலிருந்து நீக்கப்பட்ட ரீட்டா லெவி-மொண்டால்சினி தம் படுக்கையறையில் சிறு ஆய்வகம் அமைத்துக்கொண்டு கோழிக் கருவின் நரம்புகளை ஆராய்ந்தார். 1986-இல் நோபல் பரிசு பெற்றார். இப்படிப்பட்ட கதைகள் நம்மை எளிதில் ஈர்த்துவிடும். வேலையிழந்த தபால் ஊழியருக்கும் ரயில்வே எழுத்தருக்கும் அப்படி ஒரு படுக்கையறை ஆய்வகம் வாய்க்கவில்லை.

நவம்பர் 17-ஆம் தேதிச் சட்டம் எல்லாவற்றையும் தொகுத்தது. யூதர் ஆரியரை மணக்கக் கூடாது; அரசுப் பணியிலும் இராணுவத்திலும் இருக்கக் கூடாது; நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தை நடத்தக் கூடாது; வரம்புக்கு மேல் நிலமோ கட்டடமோ வைத்திருக்கக் கூடாது; ஆரிய வேலைக்காரரை வீட்டில் அமர்த்தக் கூடாது. இந்தக் கடைசித் தடையால் இரு தலைமுறைகளை வளர்த்த செவிலித்தாய்கள் அழுதுகொண்டே வீட்டை விட்டுப் போனதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். 1939-இல் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் போன்றோர் யூத வாடிக்கையாளருக்கு மட்டுமே தொழில் செய்யலாம் என்றானது. 1940-இல் தெருவியாபார உரிமங்கள் பறிக்கப்பட்டன. ரோமில் யூதர்கள் முன்பு அடைக்கப்பட்டிருந்த பழைய கெட்டோ பகுதியில் பழந்துணி விற்றும், வழிபாட்டுக்கு வரும் யாத்ரீகர்களிடம் நினைவுப் பொருள் விற்றும் அன்றாடம் சோறு கண்ட குடும்பங்களுக்கு இது வயிற்றில் விழுந்த அடி. மத்திய வர்க்கத்தினர் சேமிப்பைக் கொண்டு சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்கள், இவர்களிடம் அதுவும் இல்லை. பின்னர் வானொலிப் பெட்டி கூடாது, தொலைபேசிக் கையேட்டில் பெயர் கூடாது, நாளிதழில் மரண அறிவிப்பு கூடாது என்று சிறு சிறு தடைகள் அடுக்கடுக்காக வந்தன.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் போகவில்லை என்பதே உங்கள் கேள்வியின் மையம். இதில் ‘விலக்கு’ என்ற ஏற்பாட்டின் பங்கைப் பொதுவாக எவரும் கவனிப்பதில்லை. போரில் மாண்டவரின் குடும்பம், காயம்பட்டவர், பதக்கம் பெற்றவர், தொடக்க ஆண்டுகளிலேயே பாசிசக் கட்சியில் சேர்ந்தவர் போன்றோர் விண்ணப்பித்தால் சொத்து, தொழில் தொடர்பான சில தடைகளிலிருந்து விடுபடலாம் என்று அதே நவம்பர் சட்டம் சொன்னது. பிள்ளைக்குப் பள்ளி திரும்பக் கிடைக்காது, அரசு வேலை திரும்பக் கிடைக்காது. ஆனாலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அலமாரியிலிருந்து பழைய பதக்கங்களையும் இராணுவச் சான்றிதழ்களையும் தேடி எடுத்து அமைச்சகத்துக்கு விண்ணப்பம் அனுப்பின. விடைக்காக மாதக்கணக்கில் காத்திருந்தன. காத்திருக்கும் குடும்பம் பெட்டி கட்டாது. இன்னொரு விளைவும் உண்டு: அண்ணனுக்கு விலக்கு, தம்பிக்கு இல்லை, மருமகளின் தந்தை போர்வீரர், மகனின் தந்தை வணிகர். ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் வெவ்வேறு சட்டத்தின் கீழ் வந்தார்கள். கலப்பு மணத்தில் பிறந்த பிள்ளை அக்டோபர் 1-க்கு முன் வேறு மதத்தைச் சேர்ந்திருந்தால் யூதராகக் கருதப்படாது என்ற விதி, ஞானஸ்நானம் பெறுவதா வேண்டாமா என்ற சண்டையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது. எதிர்ப்பு ஒன்றாகத் திரளாமல் போனதற்கும், வெளியேறும் முடிவு தள்ளிப்போனதற்கும் இந்த ஏற்பாடு பெரிய காரணம் என்பது என் துணிபு. அரசு அதைத் திட்டமிட்டே அந்த நோக்கத்துக்காகச் செய்ததா என்பது வேறு கேள்வி. சட்டம் எழுதியவர்கள் தங்கள் பழைய தோழர்களையும் போர்வீரர்களையும் காக்க விரும்பினார்கள் என்று கொள்வதற்கும் இடமிருக்கிறது.

போவதென்றாலும் எங்கே போவது? 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி அகதிகளைப் பற்றிப் பேசின. பெரும்பாலான நாடுகள் கதவைத் திறக்கவில்லை. 1939 மே மாதம் பிரிட்டன் பாலஸ்தீனத்துக்குள் நுழையும் யூதர்களின் எண்ணிக்கையை ஐந்தாண்டுக்கு 75,000 என்று கட்டுப்படுத்தியது. அமெரிக்க விசாவுக்கு உறவினர் பிணையும் பணமும் வேண்டும். இத்தாலியிலிருந்து பணத்தை வெளியே எடுத்துச்செல்லக் கடும் கட்டுப்பாடு. மொழி தெரியாத நாட்டில் ஐம்பது வயது வழக்கறிஞர் என்ன தொழில் செய்வார்? வயதான பெற்றோரை யாரிடம் விடுவது? இவற்றையெல்லாம் மீறி 1941-க்குள் சுமார் 6,000 பேர் வெளியேறினார்கள். அவர்களில் எமிலியோ செக்ரே, புரூனோ ரோஸ்ஸி போன்ற இயற்பியலாளர்கள் இருந்தார்கள்; மனைவி யூதர் என்பதால் என்ரிகோ ஃபெர்மியும் நோபல் பரிசு பெற ஸ்டாக்ஹோம் சென்றவர் அப்படியே அமெரிக்காவுக்குப் போய்விட்டார். இளைஞர்கள், தொடர்பு உள்ளவர்கள், கையில் பணமோ உலகம் கேட்கும் திறமையோ இருந்தவர்கள் போனார்கள். ‘அறிவுள்ளவர்கள் போனார்கள், ஏமாளிகள் தங்கினார்கள்’ என்று சிலர் எழுதுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. போக முடிந்தவர்கள் போனார்கள் என்பதே உண்மைக்கு அருகில் நிற்கிறது.

மற்றொன்றையும் மறக்கக் கூடாது. 1938 முதல் 1943 வரை இத்தாலிய அரசு யூதர்களின் உரிமைகளைப் பறித்தது; வெளிநாட்டு யூதர்களை முகாம்களில் அடைத்தது; 1942-இல் கட்டாய உடலுழைப்புக்கு அழைத்தது; ஆனால் அவர்களைக் கொலைக்கு ஒப்படைக்கவில்லை. அந்த ஐந்தாண்டு அனுபவம், அவமானத்தோடு வாழ்ந்துவிடலாம், உயிருக்கு ஆபத்தில்லை என்ற எண்ணத்தை உறுதிப்படுத்தியது. 1943 ஜூலை 25-இல் முசோலினி பதவி நீக்கப்பட்டபோது பல வீடுகளில் கண்ணீரும் கொண்டாட்டமும். ஆனால் அவருக்குப் பின் பிரதமரான பதோலியோவின் புதிய அரசு, தன் கையில் இருந்த 45 நாட்களில், இனச் சட்டங்களை நீக்கவில்லை. பட்டியல்களை எரிக்கவும் இல்லை. இந்த வரலாற்றில் எனக்கு மிகுந்த கோபம் வருவது இந்த இடத்தில்தான். செப்டம்பர் 8-இல் நேச நாடுகளுடன் இத்தாலியின் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. சில நாட்களில் வடக்கும் மையப் பகுதியும் ஜெர்மன் இராணுவத்தின் பிடிக்குள் வந்தன. அக்டோபரில், தேசபக்திப் பத்திரிகை நடத்திய ஒவாட்ஸா, சுவிஸ் எல்லைக்கு அருகே, மனைவி மக்களோடு நாஜிகளின் எஸ்.எஸ். படையினரால் கொல்லப்பட்டார்.

ரோமில் நடந்தது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. செப்டம்பர் 26-இல் ஜெர்மன் காவல் அதிகாரி கப்ளர், 36 மணி நேரத்தில் 50 கிலோ தங்கம் தராவிட்டால் இருநூறு பேரைப் பிடித்துச் செல்வேன் என்றார். ஏழைகள் திருமண மோதிரங்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். யூதர் அல்லாத சிலரும் கொடுத்தார்கள். தங்கம் சேர்ந்தது, வாக்கு காப்பாற்றப்படும் என்று பலர் நம்பினார்கள். அக்டோபர் 16, சனிக்கிழமை விடியலில் படையினர் வீடு வீடாக வந்து ஓர் அட்டையை நீட்டினார்கள்: இருபது நிமிடத்தில் கிளம்ப வேண்டும், எட்டு நாளுக்கு உணவு எடுத்துக்கொள்ள வேண்டும், நோயாளிகளும் வர வேண்டும். 1,259 பேர் பிடிபட்டார்கள். பாதிக்கு மேல் பெண்கள், குழந்தைகள் மட்டும் 200-க்கு மேல். ஆண்களைத்தான் வேலைக்குப் பிடிப்பார்கள் என்று நினைத்துப் பல ஆண்கள் மறைந்துகொண்டு பெண்களையும் பிள்ளைகளையும் வீட்டில் விட்டிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயில் ஏற்றப்பட்டார்கள். திரும்பியவர்கள் 16 பேர். வீட்டு முகவரிகள் படையினருக்கு எந்தப் பட்டியலிலிருந்து கிடைத்தன என்பதில் மட்டும் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். சிலர் 1938 கணக்கெடுப்பின் வழிவந்த அரசுப் பதிவுகள் என்கிறார்கள். சிலர் யூத சமூக அலுவலகத்தில் செப்டம்பர் இறுதியில் பறிமுதலான பதிவேடுகளும் பயன்பட்டன என்கிறார்கள். எதுவானாலும், பெயர்கள் காகிதத்தில் தயாராக இருந்தன.

அதன் பிறகு நடந்ததை ஜெர்மானியர் மட்டும் செய்தார்கள் என்று சொல்வது பிழை. பதவி இழந்த முசோலினி ஜெர்மானியரின் துணையோடு வடக்கில் அமைத்த அரசு, 1943 நவம்பர் 14-இல் வெரோனாவில் யூதர்களை அந்நியர்கள், போர்க்காலப் பகைவர்கள் என்று அறிவித்தது. நவம்பர் 30-இல் எல்லா யூதர்களையும் கைது செய்யுமாறு தன் காவல்துறைக்கு ஆணையிட்டது. சில நாட்களில் வெனிஸ் நகரில் இரவோடிரவாகக் கைது செய்தவர்கள் இத்தாலியக் காவலர்கள். முதியோர் இல்லத்தில் இருந்தவர்களையும் விடவில்லை. கைதானவர்கள் மோதேனாவுக்கு அருகே ஃபொசோலி முகாமிலும் சிறைகளிலும் சேர்க்கப்பட்டு அங்கிருந்து ஜெர்மானியரிடம் போனார்கள். இத்தாலியிலிருந்து நாடுகடத்தப்பட்டு அடையாளம் காணப்பட்டவர்கள் சுமார் 6,800 பேர், திரும்பியவர்கள் 837 பேர். இத்தாலிய மண்ணிலேயே கொல்லப்பட்டவர்கள் 300-க்கு மேல். அப்படியானால் பெரும்பாலோர் பிழைத்தார்கள். மடங்களும் விவசாயிகளின் வீடுகளும் அண்டை வீட்டாரும் காத்தது உண்மை. ஆயிரக்கணக்கானோர் மலை கடந்து சுவிட்சர்லாந்து சேர்ந்ததும் உண்மை. பணப் பரிசுக்காகக் காட்டிக்கொடுத்தவர்கள் இருந்ததும் அதே அளவு உண்மை. எல்லையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, 13 வயதில் மிலானிலிருந்து ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்ட லிலியானா செக்ரே பிற்காலத்தில் இத்தாலியின் ஆயுட்கால செனட்டர் ஆனார்.

இன்னும் தீராத விவாதங்களில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். ஹிட்லரின் வற்புறுத்தலால்தான் முசோலினி இனச் சட்டங்களைக் கொண்டுவந்தார் என்று முன்பு பரவலாக நம்பப்பட்டது. ஜெர்மனி அப்படிக் கேட்டதற்கு ஆவணச் சான்று எதுவும் வெளிவரவில்லை. கூட்டணியை இறுக்கும் ஆசை, எத்தியோப்பியாவில் பழகிய இனவாதம், மக்களைக் கடினமான ‘புதிய இத்தாலியர்’ ஆக்கும் வெறி ஆகியவற்றில் எது எவ்வளவு என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. நான் உள்நாட்டுக் காரணங்களுக்கே அதிக எடை கொடுக்கிறேன், ஆனால் அது முடிந்த தீர்ப்பு அன்று. போப் பன்னிரண்டாம் பயஸ் அக்டோபர் 16-க்குப் பிறகு திரைமறைவில் என்ன செய்தார் என்பதும் அப்படியே; வத்திக்கான் காப்பகங்கள் 2020-இல் திறக்கப்பட்டபின் புதிய ஆய்வுகள் தொடர்ந்து வருகின்றன.

போருக்குப் பின் உயிரோடு வந்த குடும்பங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அரசை நம்பியதைப் பற்றிப் பேசியபின் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1944 ஜனவரியில் தெற்கில் இருந்த பதோலியோவின் அரசு இனச் சட்டங்களை நீக்கியது. பறிமுதலான சொத்துகளை நிர்வகித்த அரசு அமைப்பு, அவற்றைத் திருப்பிக் கேட்டு வந்த உரிமையாளர்களிடம் நிர்வாகச் செலவைக் கேட்டது. பேராசிரியர்கள் பலருக்குப் பழைய நாற்காலி கிடைக்கவில்லை, அதில் வேறொருவர் அமர்ந்திருந்தார். யார் யூதர், யார் இல்லை என்று முடிவு செய்ய 1939-இல் அமைக்கப்பட்ட இனத் தீர்ப்பாயத்தின் தலைவராக இருந்த கயெதானோ அட்ஸாரித்தி, 1957-இல் குடியரசின் அரசமைப்பு நீதிமன்றத்துக்கே தலைவரானார்.

ஒரு தனிக் குடும்பத்தைப் பின்தொடர விரும்பினால், மிலானில் உள்ள சமகால யூத ஆவண மையம் நாடுகடத்தப்பட்டோரின் பெயர்களை இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறது. பிறந்த ஊர், கைதான இடம், ஏற்றப்பட்ட ரயில் என ஒவ்வொருவருக்கும் சில வரிகள் உண்டு. இத்தாலிய மொழி தெரியாதவரும் தேதிகளையும் ஊர்ப்பெயர்களையும் வாசித்துக்கொள்ளலாம். பொது நூல்களை எடுப்பதற்கு முன் அங்கே தொடங்குமாறு பரிந்துரைப்பேன்.